நூற்றுக்கு அறுபது: வானத்திலிருந்து சிறைக்கு வந்த ஒரு கணக்கு

நாளைக்கு மழை வர நூற்றுக்கு அறுபது வாய்ப்பு இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். மறுநாள் வெயில் கொளுத்துகிறது. அவர் சொன்னது பொய்யா? இல்லை, மீதி நாற்பது இருந்ததே. மழை கொட்டியிருந்தாலும் அவர் சொன்னது மெய்தான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பேச்சு இது. 'வரும்', 'வராது' என்று சொல்கிறவனையாவது மறுநாள் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். அறுபது என்கிறவனை எந்த நாளில் பிடிப்பது?

எந்த ஒரு நாளிலும் பிடிக்க முடியாது. ஆனால் கணக்கு எழுதி வைத்தால் பிடித்துவிடலாம். அவர் 'அறுபது' என்று சொன்ன நாட்களையெல்லாம் தனியே எடுத்து, அவற்றில் எத்தனை நாள் மழை பெய்தது என்று எண்ண வேண்டும். நூறு நாளில் ஏறத்தாழ அறுபது நாள் பெய்திருந்தால் அவருடைய அறுபது அறுபதுதான். எண்பது நாள் பெய்திருந்தால் ஆள் அடக்கி வாசித்திருக்கிறார். முப்பது நாள்தான் என்றால் நன்றாக அளந்து விட்டிருக்கிறார். அவருடைய முப்பதுகளையும் தொண்ணூறுகளையும் இதேபோல எண்ணலாம். சொன்ன எண்ணும் நடந்த விகிதமும் இப்படிப் பொருந்தி வருவதைப் புள்ளியியல்காரர்கள், ஆலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் புழங்குகிற 'காலிபரேஷன்' என்ற சொல்லாலேயே குறிக்கிறார்கள். கடைக்காரரின் எடைக்கல்லை முத்திரைக் கல்லோடு வைத்துப் பார்க்கிற அதே காரியம்தான். இங்கு அதை அளவொப்பு என்று சொல்லிக்கொள்கிறேன்.

இதுல என்ன அரசியல் இருக்கு, இது வெறும் கணக்கு வாத்தியார் சமாச்சாரமாச்சே என்று தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. நிபுணன் என்கிற ஒருவன் தன் வாக்கைப் பொதுவில் வைத்து, 'எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொன்ன தருணங்கள் நவீன அறிவின் வரலாற்றில் அதிகம் இல்லை. வானிலைக்காரர்கள் அப்படிச் சொன்னார்கள். அதே கணக்கு பிறகு சிறைக்குள்ளும் நீதிமன்றத்துக்குள்ளும் போனபோது தலைகீழாகிவிட்டது. வானத்தைப் பற்றிப் பேசும்போது அது பேசுகிறவனைச் சோதித்தது. மனிதரைப் பற்றிப் பேசும்போது பேசப்படுகிறவரைப் பிடித்து வைக்கிற உரிமைக்குச் சான்றிதழாகிவிட்டது. இந்த இடமாற்றம் எப்படி நடந்தது என்பதுதான் இக்கட்டுரையின் கவலை.

தொடக்கம் ஒரு கேலிக்கூத்து. அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவைச் சேர்ந்த ஜான் பார்க் ஃபின்லி, 1884இல் சுழற்காற்று வருமா வராதா என்று மாவட்டவாரியாக முன்னறிவிப்புகள் செய்தார். மொத்தம் 2803. அவற்றில் 2708 பலித்தன. அதாவது 96.6 சதம். அந்தக் காலத்தில் யாரும் வாய்பிளந்திருப்பார்கள். ஆனால் அதே ஆண்டு ஜி.கே. கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர் கணக்கைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். உண்மையில் சுழற்காற்று வந்தது 51 தடவைதான். அதில் ஃபின்லி முன்கூட்டிச் சொன்னது 28. வரும் என்று சொல்லி வராமல் போனது 72. மீதியெல்லாம் 'வராது' என்று சொல்லி வராமலே இருந்தவை. ஒருவன் எழுந்து உட்காராமல், காற்றையும் பார்க்காமல், எல்லா நாளும் 'வராது' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் 98.2 சதம் பலித்திருக்கும்! அரிதாக நடக்கிற ஒன்றைப் பற்றி, பலித்ததா பலிக்கவில்லையா என்று மட்டும் எண்ணினால் சோம்பேறிதான் ஜெயிப்பான் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதற்குப் பின் அரசாங்கம் செய்தது இன்னும் சுவாரசியமானது. 1880களின் பிற்பகுதியில் 'டொர்னேடோ' என்ற சொல்லையே முன்னறிவிப்புகளில் பயன்படுத்தக் கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். மக்கள் பீதியடைவார்கள் என்பது காரணம். 1938 வரை இந்த விலக்கு நீடித்தது. காற்றை நிறுத்த முடியவில்லை, சொல்லை நிறுத்தினார்கள்.

வாக்கின் நிச்சயத்துக்கே ஓர் எண் கொடுக்கலாம் என்று தோன்றியது வேறொரு கண்டத்தில், டபிள்யூ. ஈ. குக் என்பவருக்கு. மேற்கு ஆஸ்திரேலியாவின் அரசு வானியலாளராகப் பெர்த் நகரில் இருந்தவர். 1906இல் அவர் எழுதிய சிறு கட்டுரையின் வாதம் ரொம்ப எளிமையானது. முன்னறிவிப்பு செய்கிறவனுக்குச் சில நாள் நெஞ்சில் சந்தேகமே இருக்காது; சில நாள் இரண்டு மனசாக இருக்கும். இரண்டையும் ஒரே தொனியில் 'மழை வரும்' என்று எழுதி அனுப்புவது கேட்கிறவனை ஏமாற்றுவது. அதனால் குக் ஒவ்வொரு அறிவிப்புக்கும் பக்கத்தில் ஓர் எண் போட்டார். 5 என்றால் கிட்டத்தட்ட நிச்சயம், 4 என்றால் வழக்கமான நம்பிக்கை, 3 என்றால் சந்தேகம். பிறகு எண்ணிப் பார்த்தார். 5 போட்டவற்றில் நூற்றுக்கு 98க்கு மேல் பலித்திருந்தன. 4இல் ஏறத்தாழ 94. 3இல் 79க்குச் சற்றுக் கீழே. மனசில் இருந்த ஏற்ற இறக்கம் வெறும் பிரமை இல்லை, வானத்தோடு அதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது என்று இதனால் தெரிந்தது.

இதற்கு வாஷிங்டனிலிருந்து வந்த எதிர்வினையைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே வானிலைப் பணியகத்தில் இருந்த ஈ. பி. கேரியட், இந்த எண்ணெல்லாம் பொதுமக்களைக் குழப்பும், அவர்களுக்கு வேண்டியது ஐயத்துக்கிடமில்லாத தெளிவான வாக்கியம் என்று எழுதினார். மக்கள் பெயரால் பேசுகிற எந்த அதிகாரியும் இதைத்தான் சொல்வார். ஜனங்களுக்குச் சந்தேகத்தைச் சொன்னால் புரியாது, நிச்சயத்தைச் சொன்னால்தான் புரியும் என்கிற இந்த எண்ணத்தில் மக்களைப் பற்றிய இளப்பம் மட்டுமில்லை, பேசுகிறவனைக் கணக்குக் கேட்க முடியாமல் வைத்திருக்கிற வசதியும் இருக்கிறது. பெர்த் பக்கத்துக் கோதுமை விவசாயிக்கு 3க்கும் 5க்கும் வித்தியாசம் புரியாதாமா? அறுத்துப் போட்ட கதிரை இன்றைக்குச் சேர்ப்பதா நாளைக்குச் சேர்ப்பதா என்று முடிவெடுக்கிறவன் அவன்தானே.

எண் இல்லாமல் சொல்லாலேயே சமாளிக்கலாமே என்பாருக்கு ஒரு கதை உண்டு. இது வானிலைக் கதை இல்லை, உளவுத்துறைக் கதை. 1951இல் அமெரிக்க மத்திய உளவு நிறுவனம் ஓர் அறிக்கை தயாரித்தது. அவ்வாண்டு யூகோஸ்லாவியா மீது சோவியத் முகாம் படையெடுக்குமா என்பது கேள்வி. அதற்குக் கனமான சாத்தியம் உண்டு என்கிற மாதிரியான வாசகம் அறிக்கையில் இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து உளவுக்குப் போன ஷெர்மன் கென்ட்டிடம் வெளியுறவுத்துறை அதிகாரி ஒருவர், 'அப்படின்னா எவ்வளவுய்யா?' என்ற அர்த்தத்தில் கேட்கிறார். கென்ட் தன் மனசில் 65க்கு 35 என்கிறார். அதிகாரி திடுக்கிடுகிறார், அவர் அதைவிட மிகக் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தார். கென்ட் திரும்பிப் போய், அதே அறிக்கையில் கையெழுத்துப் போட்ட சகாக்களைக் கேட்டால், ஒருவர் 80க்கு 20 என்கிறார், இன்னொருவர் 20க்கு 80 என்கிறார். எல்லோரும் ஒரே வாக்கியத்துக்கு ஒப்புதல் தந்தவர்கள்! 1964இல் எழுதிய கட்டுரையில் கென்ட், எண் போடச் சம்மதித்தவர்களைக் கணிதக்காரர்கள் என்றும், சொல்லோடு நிற்க வேண்டும் என்றவர்களைக் கவிஞர்கள் என்றும் பிரிக்கிறார். கவிஞர்களுக்கு அங்கே நல்ல பேர் இல்லை. நம் பக்கத்து ஆட்கள் மீதான இந்தப் புகாரை நான் எதிர்க்கப் போவதில்லை. படையெடுப்பு வருமா என்று கேட்கிறபோது பல்பொருள் தருகிற வாக்கியம் ஒளிந்துகொள்கிற இடம்தான்.

தமிழில் வானிலை அறிக்கை கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்பது பாட்டு மாதிரிப் பழக்கம். அதில் 'ஓரிரு இடங்கள்' என்பதற்கு இந்திய வானிலைத்துறையில் கறாரான பொருள் உண்டு. அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் நாலில் ஒரு பங்குக்குள் என்று அர்த்தம். இடத்துக்கு இருக்கிற இந்தக் கறார், வாக்கியத்தின் கடைசியிலிருக்கிற '-கூடும்' என்பதற்கு நம் காதில் விழுவதில்லை. '-லாம்' இன்னும் பெரிய கில்லாடி. 'மழை வரலாம்' என்றால் வாய்ப்பு. 'நீ உள்ளே வரலாம்' என்றால் அனுமதி. ஒரே விகுதி. இந்த இரண்டு '-லாம்' களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சிறைவாசலில் இவை சந்திக்கின்றன.

எண்ணுக்கு ஒழுங்கான தண்டனை முறை தந்தவர் அமெரிக்க வானிலைப் பணியகத்தின் கிளென் பிரையர். 1950இல் வந்த அவருடைய கட்டுரை மூன்றே பக்கம். அவர் யோசனையை இப்போது வழங்குகிற வடிவில் சொல்கிறேன். மழை பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0. நீங்கள் சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துவதுதான் தண்டம். 0.6 என்று சொல்லி மழை வந்தால் 0.16, வராவிட்டால் 0.36. பல நாட்களுக்குச் சராசரி எடுங்கள். குறைவாக இருப்பவர் நல்ல முன்னறிவிப்பாளர். இதில் என்ன விசேஷம்? உங்கள் நெஞ்சில் இருப்பது அறுபது என்று வைத்துக்கொள்வோம், அந்த அறுபது சரியானதும்தான். வாயால் தைரியமாக நூறு என்று சொன்னால் நீண்ட நாளில் சராசரித் தண்டம் 0.40. 'பாதிக்குப் பாதி' என்று நழுவினால் 0.25. அறுபது என்றே சொன்னால் 0.24. நெஞ்சில் இருப்பதையே வாயால் சொல்கிறவனுக்குத்தான் அபராதம் குறைவு. நேர்மையை உபதேசத்தால் இல்லாமல் கணக்கால் லாபகரமாக்கிய வித்தை இது.

1965இல் அமெரிக்க வானிலைப் பணியகம் நாடு முழுவதும் மழைக்கான வாய்ப்பை எண்ணாகவே சொல்லத் தொடங்கியது. கேரியட் சொன்ன குழப்பத்தில் நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. 1977இல் ஆலன் மர்ஃபியும் ராபர்ட் விங்க்ளரும் சிகாகோ நகரத்து முன்னறிவிப்பாளர்களின் பல்லாயிரம் அறிவிப்புகளை எடுத்து, சொன்ன எண்ணைக் கிடையிலும் நடந்த விகிதத்தை நெடுக்கிலும் வைத்துப் புள்ளிகளாகக் குறித்தார்கள். சொன்னதும் நடந்ததும் ஒன்றானால் புள்ளிகள் மூலைவிட்டத்தின் மேல் விழ வேண்டும். அநேகமாக அப்படியே விழுந்தன. மனித மதிப்பீடு இவ்வளவு துல்லியமாக அளவொத்திருப்பதற்குத் துறைகளைத் தேடினால் இதற்கு இணை கிடைப்பது கஷ்டம். 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மருத்துவர்கள் நிமோனியாவுக்கு எண்பது தொண்ணூறு சத வாய்ப்பு உண்டு என்று மதிப்பிட்ட நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் அது இருந்தது. வானிலைக்காரன் மருத்துவனைவிடப் புத்திசாலி என்பதல்ல இதற்கு அர்த்தம். அவனுக்குத் தினமும் மறுநாள் விடிகிறது, அவன் தப்பு அவன் தலைமேலேயே பெய்கிறது. மேலும், நிமோனியாவைத் தவறவிட்டால் வருகிற பழி, இல்லாததை இருக்கு என்று சொன்னால் வருவதில்லை. மதிப்பீட்டுக்குள் பயமும் கலந்துதான் இருக்கும்.

அளவொப்பைப் பெரிய தெய்வமாக்கிவிடவும் கூடாது. ஓர் ஊரில் ஆண்டுக்கு நூறு நாள் மழை என்றால், தினமும் '27 சதம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறவன் ஏறத்தாழ அளவொத்தவன்தான். அவனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அளவொத்திருப்பதோடு, ஈரநாளையும் காய்ந்த நாளையும் பிரித்துக்காட்டவும் வேண்டும். பிரையரின் தண்டத்தை இந்த இரண்டு குணங்களாகப் பிரித்துக் காட்டலாம் என்று மர்ஃபி 1973இல் எழுதினார். இன்னும் மோசமான செய்தி 1998இல் வந்தது. வானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவன், தன் பழைய தப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி எண்களைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிக்கொண்டே போனால், இயற்கை என்ன செய்தாலும் காலப்போக்கில் அவன் அளவொத்தவனாகிவிட முடியும் என்று டீன் ஃபாஸ்டரும் ராகேஷ் வோராவும் நிறுவினார்கள். அளவொப்பு அறிவுக்கு அடையாளம் என்று நினைத்தவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்திருக்கும். ஒருவன் அளவொவ்வாதவன் என்றால் அவனை நம்பாதே என்று சொல்லலாம். அளவொத்தவன் என்பதாலேயே அவனுக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது.

*

வானிலைக்காரர்கள் மூலைவிட்டத்தில் நின்ற அதே சிகாகோவுக்கு அரை நூற்றாண்டு பின்னால் போவோம். சிகாகோ பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜஸ், இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட், மெனார்ட், பான்டியாக் ஆகிய மூன்று சிறைகளிலிருந்து பரோலில் விடப்பட்ட மூவாயிரம் பேரின் கோப்புகளை எடுத்தார். குற்றத்தின் வகை, முன்தண்டனை, வேலை, வயது, குணவகை, தகப்பனின் தேசிய அல்லது இனப் பூர்வீகம் என்று 21 காரணிகள். ஒவ்வொன்றிலும் சாதகமாக இருந்தால் ஒரு புள்ளி. 1928இல் வெளியான அட்டவணைப்படி, 16 முதல் 21 புள்ளி பெற்றவர்களில் பரோலை மீறியவர்கள் 1.5 சதம். 2 முதல் 4 புள்ளி பெற்றவர்களில் 76 சதம்.

அட்டவணை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்புகளுக்குள் மனிதர்கள் எப்படி வகைப்படுத்தப்பட்டார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும், கூடவே வயிற்றைப் பிசையும். 'நாடோடி', 'உருப்படாதவன்', 'கெட்ட குடிமகன்', 'குடிகாரன்', 'சமீபத்தில் குடியேறியவன்', 'பண்ணைப் பையன்' என்கிற மாதிரி வகைகள். ஊர்வம்பில் உலவுகிற சொற்கள் கோப்புக்குள் போய்க் காரணியாகி, காரணி புள்ளியாகி, புள்ளி சதவீதமாகி வெளியே வரும்போது வம்பின் வாசனை போய்விடுகிறது. அறிவியலின் வெள்ளைச் சட்டை ஏறிவிடுகிறது. ஃபூக்கோ சிறையைப் பற்றிச் சொன்னதில் முக்கியமான ஒன்று, நவீன தண்டனை செயலைவிட்டு ஆளைத் தீர்ப்பிடத் தொடங்கியது என்பது. பர்ஜஸின் அட்டவணை அந்த ஆளை 21 கட்டங்களாக வெட்டி மறுபடி கூட்டிக் காட்டுகிறது. 1933 முதல் இல்லினாய்ச் சிறைகளில் இதற்கென்றே சமூகவியலாளர்களை வேலைக்கு வைத்தார்கள்.

இங்கேதான் இரண்டு '-லாம்' களும் சந்திக்கின்றன. 'இவன் மறுபடி குற்றம் செய்யலாம்' என்பது வாய்ப்பு. 'இவன் வெளியே போகலாம்' என்பது அனுமதி. மழையைப் பொறுத்தவரை முதலாவது மட்டும்தான் உண்டு, மேகத்துக்கு யாரும் அனுமதி தருவதில்லை. பரோல் குழுவின் மேசையில் முதல் '-லாம்' இரண்டாவது '-லாமை' முடிவுசெய்கிறது. முன்னறிவிப்பு, அறிவிக்கப்படுகிறவனின் நாளையைத் தானே ஆக்குகிறது.

அளவொப்புக்கு இதனால் நேர்வது சாதாரணமான சேதாரம் இல்லை. 'அறுபது' என்று சொன்ன நாளில் மழை வந்ததா இல்லையா என்று எப்போதும் பார்க்க முடியும். 'எழுபத்தாறு' என்று சொல்லி உள்ளேயே வைத்துவிட்ட ஆள் வெளியே போயிருந்தால் என்ன செய்திருப்பான் என்பதை யாரும் பார்க்கப் போவதில்லை. எந்த எண் மிக அதிகமான தீங்கைச் செய்கிறதோ, அந்த எண்ணைச் சரிபார்க்கத்தான் தரவு மிகக் குறைவாகக் கிடைக்கிறது. இது தவிர, பர்ஜஸின் சதவீதங்கள் எந்த மூவாயிரம் பேரிடமிருந்து எடுக்கப்பட்டனவோ, அவர்களோடே பொருந்துவதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை அது. வேறு ஊரில், வேறு ஆண்டில், வேறு ஆட்களிடம் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

இடைக்காலத்தில் கருவிகள் கூர்மையாயின. இருக்கு-இல்லை என்ற விடைகளுக்கான மாதிரிகளைச் சோதிக்க, சொன்ன வாய்ப்புகளையே எடுத்து நடந்தவற்றோடு ஒரு கோட்டால் இணைத்து அதன் சாய்வைப் பார்க்கலாம் என்று டேவிட் காக்ஸ் 1958இல் காட்டினார். சாய்வு ஒன்றுக்குக் கீழே இருந்தால் மாதிரி மிகையாகப் பேசுகிறது. அதன் தொண்ணூறுகள் தொண்ணூறு அல்ல, பத்துகள் பத்தும் அல்ல. 1980இல் ஹாஸ்மரும் லெமெஷோவும், ஆட்களை வாய்ப்பு வரிசைப்படி பத்துக் கூறாக்கி ஒவ்வொரு கூறிலும் எதிர்பார்த்ததையும் நடந்ததையும் ஒப்பிடுகிற சோதனையைத் தந்தார்கள். மருத்துவப் புள்ளியியலில் இது அடிக்காத இடமில்லை. ஆனால் கூறு போடுகிற விதத்தை மாற்றினால் விடை மாறும். ஆட்கள் குறைவென்றால் எதையும் தேறவிடும், லட்சக்கணக்கில் என்றால் துளி விலகலுக்கும் தோற்கடிக்கும். தராசுக்கே தராசு தேவைப்படுகிற கதை.

2016 மே மாதம் புரோபப்ளிக்கா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம், ஃபுளோரிடா மாநிலத்து பிராவர்ட் கவுன்டியில் 2013, 2014 ஆண்டுகளில் கைதான ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஆவணங்களை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டது. கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்பதற்கு நார்த்பாயின்ட் என்ற தனியார் நிறுவனத்தின் காம்பஸ் என்கிற மென்பொருள் 1 முதல் 10 வரை மதிப்பெண் தந்திருந்தது. அடுத்த இரண்டு ஆண்டில் மறுகைது ஆகாத கறுப்பினத்தவரில் 44.9 சதத்தினர் அபாயம் கூடியவர்கள் என்று குறிக்கப்பட்டிருந்தார்கள். அதேபோல மறுகைது ஆகாத வெள்ளையரில் அப்படிக் குறிக்கப்பட்டவர்கள் 23.5 சதம்தான். மறுபக்கம், பிறகு கைதானவர்களில் முன்பு அபாயம் குறைந்தவர் என்று தப்பவிடப்பட்டவர்கள் வெள்ளையரில் 47.7 சதம், கறுப்பினத்தவரில் 28 சதம்.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. ஒரே மதிப்பெண் பெற்ற கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் மறுகைது ஆனார்கள், ஆகவே எங்கள் எண் இரு இனத்துக்கும் ஒரே பொருளைத்தான் தருகிறது என்று பதில் சொன்னது. அதாவது, எங்கள் எடைக்கல் இரண்டு தெருவிலும் அளவொத்தது.

இதில் யார் பொய் சொல்கிறார்கள்? யாரும் இல்லை என்பதுதான் விபரீதம். கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாதிரி இரண்டே எண் சொல்கிறது: 60 சதம், 20 சதம். முதல் தெருவில் நூறு பேர், அவர்களில் ஐம்பது பேருக்கு 60, ஐம்பது பேருக்கு 20. அளவொப்பு துல்லியம், ஆக முதல் ஐம்பதில் 30 பேர், அடுத்த ஐம்பதில் 10 பேர் மறுபடி கைதாகிறார்கள். கைதாகாத 60 பேரில் 20 பேர், அதாவது மூன்றில் ஒருவர், அநியாயமாக அபாயப் பட்டியலில் இருந்தவர்கள். இரண்டாவது தெருவில் நூறு பேரில் இருபது பேருக்கு 60, எண்பது பேருக்கு 20. இங்கும் அளவொப்பு துல்லியம், 12 பேரும் 16 பேரும் கைதாகிறார்கள். கைதாகாத 72 பேரில் அபாயப் பட்டியலில் இருந்தவர்கள் 8 பேர், அதாவது ஒன்பதில் ஒருவர். எண்ணில் ஓர இம்மி பிசகில்லை. ஆனால் குற்றமற்றவன் சந்தேகிக்கப்படுகிற வாய்ப்பு முதல் தெருவில் மூன்று மடங்கு. மறுகைது விகிதம் இரு தெருவிலும் வேறுபட்டிருந்து, கணிப்பும் முழுக்கத் துல்லியமாக இல்லாதவரை, அளவொப்பையும் இரண்டு வகைப் பிழைகளின் சமத்துவத்தையும் ஒரே சமயத்தில் பெற முடியாது என்று 2016ஐ ஒட்டிய மாதங்களில் ஜான் கிளைன்பெர்க்கும் அவர் சகாக்களும், தனியே அலெக்சாண்ட்ரா சோல்டிகோவாவும் நிறுவினார்கள். மென்பொருளைத் திருத்தி எழுதினால் சரியாகிவிடுகிற விஷயமில்லை. எந்தச் சமத்துவம் வேண்டும் என்று யாரோ தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்தத் தேர்வைக் கணக்கு செய்து தராது.

அந்த 'விகிதம் வேறுபடுகிறது' என்பதை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. மழைமானியில் விழுவது மழை. மறுகைதுப் பதிவேட்டில் விழுவது குற்றம் இல்லை, கைது. எந்தத் தெருவில் போலீஸ் ஜீப் அதிகம் சுற்றுகிறதோ அந்தத் தெருவில்தான் கைது அதிகமாகும். எடைக்கல்லைச் சோதிக்கிற முத்திரைக் கல்லே ஒரு தரப்பின் கையில் செதுக்கப்பட்டது என்றால், இரண்டும் பொருந்துகின்றன என்பதால் என்ன நிரூபணமாகிறது? போலீஸ் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மென்பொருள் சரியாகக் கணித்திருக்கிறது என்பது மட்டும் நிரூபணமாகிறது. குக், பிரையர், சிகாகோ முன்னறிவிப்பாளர்கள் எவருக்கும் இந்தச் சிக்கல் இல்லை. வானம் யார் வீட்டு மழைமானி என்று பார்த்துப் பெய்வதில்லை.

கணக்கைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டு நீதிபதியின் மனசாட்சிக்கே விட்டுவிடலாம் என்கிறவர்களுக்கு 1951ஆம் ஆண்டின் அந்த அறிக்கையை நினைவூட்டுகிறேன். நீதிபதியின் 'ஆபத்தான ஆள்' என்ற சொல்லுக்குள் 20ம் இருக்கும், 80ம் இருக்கும், அவருடைய சாதிப்புத்தியும் இனப்புத்தியும் இருக்கும். ஒருநாளும் அது மூலைவிட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கப்பட்டதில்லை. எண் வந்ததால்தான் புரோபப்ளிக்காவால் எண்ணவாவது முடிந்தது. என் சண்டை வேறிடத்தில். வானிலைக்காரன் தன் எண்ணைத் தானே சோதனைக்கு வைத்தான், தண்டமும் அவனுக்கே. இங்கே எண் ஒரு நிறுவனத்தின் வியாபார ரகசியம், சோதிக்கிற வேலை பத்திரிகைக்காரர் தலையில், தண்டம் உள்ளே இருக்கிறவனுக்கு.

'நூற்றுக்கு அறுபது' என்பது நூறு பேரைப் பற்றிய உண்மை. தண்டனை நூறு பேருக்குச் சேர்த்து விழுவதில்லை, ஒருத்தன் மேல் விழுகிறது. அவனை வேறொரு நூறில் சேர்த்தால் (அவன் வயதுக்காரர்கள், அவன் தெருக்காரர்கள், அவனைப் போல் அம்மாவைப் பராமரிக்கிறவர்கள்) எண் வேறாகும். அத்தனை நூறிலும் மாதிரி அளவொத்திருக்கலாம், அத்தனையிலும் அவன் எண் மாறிக்கொண்டே இருக்கலாம்.

2016 ஜூலையில் இந்தப் பிரச்சினை விஸ்கான்சின் மாநில உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. காம்பஸ் மதிப்பெண்ணையும் பார்த்துத் தனக்குத் தண்டனை விதித்தது தவறு என்பது மனுதாரரின் வாதம். எண் எப்படிப் போடப்படுகிறது என்பதை அறியவோ மறுக்கவோ தனக்கு வழியில்லை என்றார் அவர். நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. ஆனால் இனிமேல் அந்த மதிப்பெண் அடங்கிய ஒவ்வோர் அறிக்கையோடும் சில எச்சரிக்கைகள் இணைக்கப்பட வேண்டும் என்றது. காரணிகளுக்கு என்ன எடை என்பது ரகசியம். மதிப்பெண் குழுவைப் பற்றியது, இந்த நபரைப் பற்றியது அல்ல. சிறுபான்மையினரை அதிகமாக அபாயப் பட்டியலில் சேர்க்கிறதா என்ற கேள்வி எழுந்திருக்கிறது. கருவியை அவ்வப்போது மறுபடி சரிபார்க்க வேண்டும். இவற்றோடு இன்னொன்று: நாடு முழுவதுமான ஒரு மாதிரிக் கூட்டத்தோடு ஒப்பிட்டே எண் தரப்படுகிறது, விஸ்கான்சின் மக்களிடம் அது பொருந்துகிறதா என்று சோதித்த ஆய்வு இன்னும் முடிக்கப்படவில்லை. அதாவது அந்த ஊர்ச் சந்தையில் அந்தக் கல்லுக்கு இன்னும் முத்திரை குத்தப்படவில்லை என்று எழுதி ஒட்டிவிட்டு, அதே கல்லால் நிறுக்கலாம் என்று தீர்ப்பு. 2017 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.